சிவந்த அப்பமும் கொதித்த நீரும்

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அண்ணி கோயிலுக்குள் நுழையும்போது, அவருக்கு ஓரடி முன்னால் கார்பாலிக் சோப்பின் நெடி நுழையும். பெண்கள் பகுதியில் முழந்தாளிட்டிருப்பவர்கள் முக்காட்டை மூக்கருகே இழுத்துக்கொண்டு சற்றே நகர்ந்து இடம் விடுவார்கள். அந்நாளில் நன்மை, அதாவது ஆண்டவரின் உடலாகிய அப்பம், வாங்குகிறவர் எவரும் அதைக் கையால் தொடுவதில்லை. குருவானவரே நாவில் வைப்பார். அப்படியிருக்க முழங்கைவரை ஏன் இப்படித் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "வாரவரு பெரியவரு தம்பி. ஊட்டு வாசலையாச்சும் கழுவி வெக்க வேண்டாமா?" என்றார்.

அவர் என் மூத்த அண்ணனின் மனைவி. அண்ணன் காசநோயில் மறைந்தபோது கைக்குழந்தையோடு நின்றவர். கணவனைக் கொண்டுபோனது இன்னதென்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற பிடிவாதத்தில், சளியும் இரத்தமும் சோதிக்கும் வேலையைப் படித்து, சேலத்தில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். நுண்ணோக்கியில் அந்தக் கிருமியை முதன்முதலாகப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து, சிலுவையின் முன் ஒரு நாழிகை அமர்ந்திருந்தார். நான் பள்ளியில் தமிழாசிரியன். கோயிலில் ஹார்மோனியம் வாசித்துப் பாடுகிறவன். அம்மாபேட்டையில் ஒரே வீட்டில் இருந்தோம். அவருடைய மகளுக்குப் பள்ளிபாளையத்தில் துணி வியாபாரம் செய்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் மாப்பிள்ளை பார்த்து, நிச்சயமும் முடிந்திருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகளின் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் மணமக்களின் பெயரைப் பூசையில் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பது எங்கள் வழக்கம். மூன்றாம் ஓலை வாசித்தால்தான் தாலி. அன்றைய பூசையில் ஒரு முதியவர் இருமியதில், நாவில் வைத்த அப்பம் தரையில் விழுந்துவிட்டது. எங்கள் குருவானவரான பங்குச்சாமியார் முறைப்படி அதை எடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் ஊற்றி இட்டு, கரையும்வரை இருக்கட்டும் என்று பூசைப் பொருள்கள் வைக்கும் அறையின் அலமாரியில் வைத்தார். மறுநாள் கிளைக் கிராமங்களைப் பார்க்கப் போய்விட்டார். வியாழக்கிழமை காலை அலமாரியைத் திறந்த கோயில் பணியாளரான கோவில்பிள்ளை அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். அப்பம் இரத்தச் சிவப்பாக இருந்தது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். கரைந்தும் கரையாமலும் மிதந்த அந்த வட்டத்தில் சிவப்பு துளித்துளியாய்த் திரண்டிருந்தது. அப்படியே முழந்தாளிட்டேன். மறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. அன்று மாலைக்குள் நெசவாளர் நிறைந்த எங்கள் பேட்டையில் தறிகள் நின்றன. மறுநாள் ஆத்தூர்ப் பக்கமிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். நான் அந்தாதி ஒன்று தொடங்கினேன். செங்காந்தளும் செம்பவளமும் அந்திவானமும் தாமே வந்து விழுந்தன. இரண்டு நாளில் ஒன்பது பாடல்கள் ஆயின. அதற்குமுன் அத்தனை எளிதாக நான் எழுதியதில்லை. எளிதாக வந்ததே எனக்கு எச்சரிக்கையாகப் பட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை அண்ணி வேலை முடிந்து கோயிலுக்கு வந்தார். கிண்ணத்தின் முன் முழந்தாளிட்டு வணங்கினார். எழுந்தபோதுதான், கோவில்பிள்ளை பஞ்சை அந்தச் சிவந்த நீரில் நனைத்து, கண்படலம் அறுத்துக் கட்டுப் பிரித்திருந்த ஒரு கிழவரின் கண்ணருகே கொண்டுபோவதைப் பார்த்தார்.

"கண்ணுல உடாதீங்க!" என்று அவர் போட்ட சத்தம் கோபுரத்து மணியை விட உரக்கக் கேட்டது. "அது கிருமியா இருக்கலாமுங்க. இப்படிச் செவப்பாப் பூக்குற கிருமி ஒண்ணு இருக்குது. ஆறாத கண்ணுல பட்டாப் பார்வையே போயிருமுங்க."

கூட்டம் அவரைச் சூழ்ந்தது. பிறகு எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள். ஆண்டவரின் இரத்தத்தைக் கிருமி என்றவள் என்ற பேச்சு அன்றிரவுக்குள் பள்ளிபாளையத்தை எட்டிவிட்டது.

மறுநாள் காலை, கிராமங்களிலிருந்து திரும்பியிருந்த சாமியார் இரண்டாம் ஓலையை வாசித்தார். பூசை முடிந்ததும், விடியற்காலை பஸ்ஸில் வந்திருந்த சம்பந்தி நேரே சாமியார் அறைக்குப் போனார். நாங்களும் போனோம். பெரிய மீசை, அதைவிடப் பெரிய பக்தி, நல்ல மனிதர்தான். "ஏனுங்க அம்மிணி, ஆஸ்பத்திரியில எச்சில் பாக்குற கண்ணாடிய இங்கயும் தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றார்.

அண்ணி சாமியாரைப் பார்த்தே பேசினார். "அந்த அப்பத்தை நான் தொட மாட்டேனுங்க சாமி. கண்ணாடிக்கடியில வெக்கவும் மாட்டேன். பூசையில ஆண்டவரு ஒடம்பா வசீகரம் பண்ணாத அப்பம் நாலு கன்னியர் மடத்துல வாங்கிக் குடுங்க. ரெண்டை அலமாரி அறையில நீங்க அன்னிக்கு ஊத்துன அந்தப் பானைத் தண்ணியிலயே போடுறேன். மத்த ரெண்டை, அதே தண்ணியக் கொதிக்க வெச்சு ஆத்தி, அதுல போடுறேன். மூடி வெச்சு அலமாரியப் பூட்டிச் சாவிய நீங்களே வெச்சுக்கோங்க."

சாமியார் தாடியைத் தடவிக்கொண்டார். அவருக்கும் புதுமை என்னும் அந்த அற்புதம் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். ஆயினும் அப்பத்துக்கு ஆள் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை சாவியோடு அவர் அலமாரியைத் திறந்தபோது சம்பந்தியும் சேர்த்து நாங்கள் நால்வர் இருந்தோம். பானைத் தண்ணீரில் கிடந்த இரண்டும் சிவந்திருந்தன. கொதித்த நீரில் கிடந்த இரண்டும் வெளுப்பாகவே ஊறிக் கிடந்தன.

சம்பந்தி சிரித்தார். "அப்ப ஆண்டவரு ஒண்ணுக்கு மூணாப் புதுமை பண்ணிட்டாருன்னு சொல்லுங்க!"

"கொதிக்க வெச்ச தண்ணியில மட்டும் அவருக்குப் பண்ணத் தெரியலீங்களா சம்மந்தி?" என்றார் அண்ணி. பிறகு குரல் தாழ்ந்தது. "வெள்ளையா இருந்தப்ப அவரு அதுல இல்லீங்களா? போன ஞாயித்துக்கெழம வாயில வாங்குனீங்களே, அப்ப என்னன்னு நெனச்சு வாங்குனீங்க?"

அந்தக் கேள்வி எனக்கும்தான். என் சட்டைப்பையில் ஒன்பது பாடல்கள் மடித்து இருந்தன.

சம்பந்தி வாசல்வரை போய்த் திரும்பினார். "ஞாயித்துக்கெழம பீடத்துக் கிராதி முன்னால முட்டி போட்டு, தெரியாமச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மூணாவது ஓலை தன்னால வரும். இல்லீன்னா எம்பையன் பேரை வாசிக்க வேண்டாங்க சாமி."

அன்று வீட்டில் நான் செய்ததை இன்று மூடிவைக்க விரும்பவில்லை. ஒரு வார்த்தைதானே அண்ணி, சொல்லிவிடுங்கள் என்றேன். பெண்ணின் வாழ்க்கை என்றேன். அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவர் மகள் வந்தாள். கண்கள் அழுது வீங்கியிருந்தன; அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. "அம்மாவைப் பொய் சொல்ல வெச்சு எனக்கு ஒரு புருசன் வேண்டாஞ் சித்தப்பா" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி அழப் போய்விட்டாள்.

இதற்கிடையில் செய்தி கேட்டு எங்கள் பள்ளியின் கணக்காசிரியர் வந்து சேர்ந்தார். கறுப்புச் சட்டைக்காரர், நேர்மையானவர், எனக்கு நண்பர். "புலவரே, உங்க அண்ணி நம்ம ஆளுய்யா!" என்று கைகொட்டினார். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் மேடையேறி, நடந்ததை நடந்தபடியே சொன்னால் போதும் என்று அண்ணியை அழைத்தார்.

அண்ணி அவருக்கு மோர் கொடுத்தார். "கிருமியக் கண்டேன், சொன்னேனுங்க. ஆண்டவரைக் காணலைன்னு சொல்றதுக்கு எங்கிட்டக் கண்ணாடி இல்லீங்களே" என்றார்.

"லாசரு செத்து நாலாம் நாள் எந்திரிச்சதை மட்டும் நம்புவீங்களா?"

"நம்புறேனுங்க. செத்தவங்களைத் தெனம் பாக்குறவ நானு. செத்தவங்க எந்திரிக்க மாட்டாங்கன்னு உங்களை விட எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் நம்புறேன். மோரைக் குடிங்க."

கணக்காசிரியர் மோரைக் குடித்தார்.

மூன்றாம் ஞாயிறு வந்தது. கோயில் நிரம்பி, வெளியே குடைகளின் கீழும் ஆட்கள் நின்றார்கள். சாமியார் பிரசங்கத்தில் சுருக்கமாகச் சொன்னார்: அலமாரியில் இருந்தது புதுமை அன்று, அப்பத்தின் தன்மை கெட்டபின் முறைப்படி அதைக் கோயில் மண்ணில் சேர்த்தாயிற்று. ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. பிறகு ஓலை வாசித்தார். வேறு மணமக்களின் பெயர் வந்தது. அடுத்த தாளில் அவர் விரல் சற்றே நின்றது. முன்வரிசையில் இருந்த சம்பந்தி, அண்ணி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அண்ணி அசையவில்லை. சாமியார் தாளை மடித்துவிட்டார்.

இந்த இடத்தில் நிறுத்தி, இன்றைக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. என் பேரன் கைபேசியில் செய்திகள் அனுப்புகிறான். செங்கடலைப் பிளந்தது கீழ்க்காற்று என்று எங்கோ கணக்கிட்டிருக்கிறார்களாம்; யோனாவை விழுங்கும் அளவுக்குத் தொண்டை உள்ள மீன் இருக்கிறதாம். "தாத்தா, விஞ்ஞானமே ஒத்துக்கிச்சு!" என்று மகிழ்கிறான். அவன் நண்பனோ, இவையெல்லாம் கட்டுக்கதை என்று எனக்கே எழுதுகிறான். இருவரும் ஒரே வாசலில் நின்று, ஆய்வுக்கூடம் கையெழுத்திட்டால்தான் ஆண்டவர் உண்டு என்கிறார்கள். நான் அந்த வாசலில் நிற்க மாட்டேன். காற்றுதான் கடலைப் பிளந்தது என்றால் அது வானிலை. அதற்கு என் முழந்தாள் எதற்கு? இரண்டு கிண்ணங்களில் ஊற்றிப் பார்க்கக்கூடியது எதுவாயினும் ஊற்றிப் பார்க்கத்தான் வேண்டும். பார்க்க அஞ்சுகிறவன் விசுவாசி அல்லன். ஒரே ஒருமுறை கல்லறை திறந்ததென்றால், அதை ஊற்றிப் பார்க்கக் கிண்ணம் இல்லை. அடியும் முடியும் தேடித் தோற்றதைப் பாடிய தமிழில் ஊறியவன் நான். பாடியவர்கள் கண்ணைப் பழிக்கவில்லை. கண் எட்டும் தொலைவைச் சொன்னார்கள். கானாவூர்க் கல்யாணத்தில் தண்ணீர் திராட்சரசமாயிற்று என்று நம்புகிறேன். கொதிக்க வைக்காத தண்ணீரில் கிருமி வளரும் என்பதையும் ஏற்கிறேன். இரண்டுக்கும் நான் எவரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

அந்தக் கல்யாணம் நின்றது. நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் கெங்கவல்லியில் ஓர் உழவர் குடும்பத்தில் அவளுக்கு மணம் கூடியது. அந்த நான்கு ஆண்டுகளும் அண்ணி என்னென்ன ஏச்சுக் கேட்டார் என்பதை எழுதினால் இந்தத் தாள் போதாது. பள்ளிபாளையத்துப் பையன் அந்த வருடமே வேறிடத்தில் மணம் முடித்துக்கொண்டான். உண்மை சொன்னவர்களுக்கு உடனே நன்மை விளையும் என்று நான் யாருக்கும் உறுதி கூறுவதில்லை.

ஆனால் அந்த ஞாயிறு ஓலையோடு முடியவில்லை. நன்மைக்கான மணி ஒலித்தது. வழக்கமாக இடித்துக்கொண்டு எழுகிற கூட்டம், புதுமை இல்லையென்று கேட்ட ஏமாற்றத்தில், அன்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தது. அண்ணி எழுந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடுவழியே நடந்தார். "கிருமின்னு சொன்னவளுக்கு நன்மை எதுக்காமா?" என்று ஒரு குரல் கேட்டது. அவர் திரும்பவில்லை. கிராதியின் முன் தனியே முழந்தாளிட்டார். மகள் போய் அவர் அருகே முழந்தாளிட்டாள்.

நான் ஹார்மோனியத்தை மூடினேன். ஆண்கள் பக்கம் முழுவதும் காலியாக இருந்த கிராதியின் முன் நான் ஒருவன் போய் முழந்தாளிட்டேன். சாமியார் எங்கள் மூவரின் நாவிலும் அப்பத்தை வைத்தார். திரும்பி வந்து அமர்ந்து, நன்றிப் பாட்டைத் தொடங்கினேன். பின்னால் கோயில் வாய்திறக்கவில்லை. என் குரலும், மகளின் உடைந்த குரலும், அண்ணியின் குரலும் மட்டும். அண்ணிக்கு ஒருநாளும் சுருதி சேர்ந்ததில்லை. அன்றும் சேரவில்லை. கடைசி அடிவரை அவர் குரலைத் தணிக்கவும் இல்லை.