நாம்பன் பார்க்கிறவர்

கனடாவில், ஸ்காபரோ மண்டபம் ஒன்றில், தெரிந்தவர்களின் பிள்ளை பெரியவளானதற்கு நடந்த சாமத்தியச் சடங்கில் அவர் எங்களுக்கு எதிரே இருந்து சாப்பிட்டார். ஒட்ட வெட்டிய தலைமயிர், இறுக்கமான கோட். யார் உள்ளே வந்தாலும் முதலில் காலைப் பார்ப்பார், பிறகு இடுப்பை. முகத்துக்குக் கடைசியாகத்தான் வருவார். என் மனைவி சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"குறை நினையாதேங்கோ அக்கா, தொழில் பழக்கம்," என்றார். இறைச்சி மாட்டு இனங்களைத் திருத்துகிற கொம்பனியில் வேலையாம். "இப்ப எங்கடை கையிலை இருக்கிறது நல்ல பழைய இனம்தான். கனகாலம் தங்களுக்குள்ளையே சேர்ந்து கன்றுகள் சோர்ந்து போச்சு. அதுதான் வேற இனத்து நாம்பன், இளங்காளையாப் பாத்துச் சேர்க்கிறம். இப்ப கன்றுகள் துள்ளுதுகள்."

எங்கள் மகள் ஒரு பஞ்சாபிப் பெடியனைக் கட்டப்போவதாகச் சொன்ன கிழமை அது. எங்கள் ஊர் மாப்பிள்ளைதான் வேண்டும் என்று சன்னதம் ஆடிக்கொண்டிருந்த மனைவி, கையிலிருந்த வடையைக் கீழே வைத்தாள்.

"பஞ்சாபியள் எப்பிடி?"

"மாட்டிலையோ அக்கா?"

"மனிசரிலை."

அவர் யோசித்தார். "நல்ல உயரம். கால் பலம்."

அவள் வடையைத் திரும்ப எடுத்தாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோசத்தில், "நீங்கள் எங்கை கட்டினனீங்கள்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"சொந்த மச்சாளைத்தான். மாட்டுக்குச் சொல்லலாம் அண்ணை, அம்மாவுக்கு ஆர் சொல்லுறது?"

வடை மறுபடியும் கீழே போனது.

அவரைப் பிறகு நான் காணவில்லை. ஆனால் மகள் பெடியனை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, மனைவி கதவைத் திறந்து முதலில் அவன் காலைப் பார்த்தாள், பிறகு இடுப்பை. அதற்குப் பிறகுதான் "கம் இன், கம் இன்" என்றாள்.