ஜீவராணி வேண்டாம் என்ற இருபத்து மூன்றாம் மாடி

டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் கொழும்பில் எந்தப் பக்கம் குடியிருக்க வேண்டும் என்பதை, உடப்புசல்லாவைக்கு மேலே ஐந்தாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் முடிவு செய்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் சும்மா இருந்து அவர்களுக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

கேட்கப்பட்டவள் ஜீவராணி. வயது நாற்பத்து மூன்று. அந்த டென்மார்க் குடும்பத்து ஃப்ரேயா மேடம் வீட்டில் ஐந்து வருடமாகச் சமைக்கிறாள், இரண்டு பிள்ளைகளையும் மேய்க்கிறாள். அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பத்து நாள் லீவில் ஊருக்கு வந்திருந்தாள். லயத்து வீடுகளில் போனுக்குச் சிக்னல் கிடையாது. பெண்கள் பத்து மணிக்குத் தேத்தண்ணி குடிக்கிற பாறையில் மட்டும் மூன்று கோடு வரும். அதனால் லீவில் வந்தவளும் வேலைக்குப் போகிறவர்களோடு மலை ஏறினாள்.

மேடம் இருந்த வீட்டை உரிமையாளர் திருப்பிக் கேட்டுவிட்டார். ஷிஹாம் என்ற வீட்டுத் தரகர் மூன்று வீடு பார்த்து வைத்திருந்தான். மூன்றையும் அவன் எடுத்த வீடியோவை மேடம் ஜீவராணிக்கு அனுப்பியிருந்தாள். தமிழைக் குசினியில், அடுப்படியில் நின்று ஜீவராணியிடம் கற்றவள் என்பதால், மேடம் வாயைத் திறந்தால் உடப்புசல்லாவைதான் வரும். முதல் நாள் அவள் "இங்கிட்டு வாங்க தம்பி" என்றதும் ஷிஹாம் திரும்பி, பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தானாம்.

முதல் வீடு ராஜகிரியப் பக்கம். தோட்டம், மாமரம், ஊஞ்சல்.

"நிப்பாட்டு," என்றாள் காளியாயி. ஜீவராணிக்கு நாத்தனார். நாற்பது வருடம் சரிவில் நின்றவள். "மாமரத்த வுடு, மதிலப் பாரு. மொழங்கா ஒசரத்துக்கு ஒரு கோடு தெரியுதா? தண்ணி வந்து நின்ன கோடு அது. கானு வாசலவிட மேல இருக்கு. எந்த மடையன் வெட்டுனான்?"

ஊஞ்சலைப் பார்த்தவர்கள் யாரும் சாக்கடையைப் பார்த்திருக்கவில்லை. முதல் வீடு முடிந்தது.

இரண்டாவது கொள்ளுப்பிட்டியில், இருபத்து மூன்றாம் மாடி. கண்ணாடிச் சுவர் முழுக்கக் கடல். காளியாயியே வாயை மூடிவிட்டாள்.

"அத்த, கடலு சன்னல்ல தொங்குது!" என்றாள் சர்மிளா. கூட்டத்திலேயே இளையவள்.

கங்காணி முத்துலிங்கம் எட்டிப் பார்த்தார். எல்லோரையும் தேயிலை நிரைக்கு விரட்ட வந்தவர் அவர். "ரோட்டக் காட்டு... என்னா இது, ஒரு மனுசத் தல இல்ல? எல்லாம் காரு. ராத்திரி பிள்ளைக்கு ஒன்னுன்னா யாரக் கூப்புடுவாங்க? லிப்டயா?"

வீடியோவின் கடைசியில் குசினிக்குப் பின்னால் ஒரு குறுகிய கதவு திறந்தது. கட்டில், டியூப் லைட், நாலு சுவர். "இது வேலையாளுக்கு," என்று ஷிஹாமின் குரல் ஓடிப்போனது. குளியலறையைப் பதினைந்து விநாடி காட்டியவன் இதை இரண்டே விநாடிதான் காட்டினான். ஜீவராணி திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். ஜன்னல் எந்த மூலையிலும் இல்லை.

அவளுக்கு இப்படி ஓர் அறை தெரியும். பதின்மூன்று வயதில் கொழும்பில் ஒரு பங்களாவுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டவள் அவள். மாடிப்படிக்குக் கீழே அரிசி மூட்டைகளோடு படுக்கை. எட்டு மாதம், விடிந்ததா இல்லையா என்பதை வீட்டுக்காரி வெளித் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் தட்டித்தான் சொல்வாள். ஒருநாள் குப்பை வாளியோடு கேட்டுக்கு வெளியே போனவள், வாளியோடேயே கோட்டை ஸ்டேஷன்வரை நடந்துவிட்டாள். நல்ல வாளி. அம்மா அதில் நாலு வருடம் கோழிக்குத் தண்ணீர் வைத்தாள்.

மூன்றாவது வீடு நுகேகொடையில் ஒரு சந்துக்குள். கடல் இல்லை, நீச்சல் குளம் இல்லை. மீன்காரன் சைக்கிளில் மணியடித்துப் போனான். பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, யார் வந்திருப்பது என்று சிங்களத்தில் விசாரித்தாள். குசினிக்குப் பின்னால் ஓர் அறை, அதில் ஆளுயரத்துக்கு ஒரு ஜன்னல். ஆனால் பிள்ளைகளின் பள்ளிக்கு ஒரு மணி நேரம் போக வேண்டும். கடல் வீட்டிலிருந்து பத்தே நிமிடம்.

போன் அடித்தது. வீடியோவில் மேடம்.

"என்னாங்க ஜீவா, பாத்தீங்களா? நான் ரெண்டாவது வீட்டுலதான் நிக்கிறேன். இப்ப கையெழுத்துப் போடப் போறோம்."

"மேடம், அந்த வீடுன்னா நான் வரல. அந்த ரூமுக்கு சன்னலு இல்ல."

காளியாயி ஜீவராணியின் இடுப்பில் கிள்ளினாள். "அடியே, நிலக்ஷி படிப்ப நெனச்சிப் பேசு!"

நினைக்காமலா? மகள் நிலக்ஷி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இரண்டாம் வருடம். இந்த வேலை போனால் அவள் பெட்டியோடு திரும்பி வர வேண்டியதுதான். ஜீவராணி போனை இன்னும் கிட்டப் பிடித்தாள்.

"ஏ.சி. போட்டுத் தர்றேங்க ஜீவா."

"பெரச்சின காத்து இல்ல மேடம். விடிஞ்சிருச்சான்னு நானே பாத்துத் தெரிஞ்சிக்கணும். வேற ஆளு வந்து சொல்லி இல்ல."

ஷிஹாம் இடையில் புகுந்தான். "அக்கா, கொழும்புல எல்லா மாடி வீட்டுலயும் இப்படித்தான். இந்த ரூமுக்கு வர நாலு பேர் ரெடியா இருக்காங்க."

"அப்ப நாலு பேரையும் படுக்கச் சொல்லுங்க தம்பி. கட்டிலு ஒன்னுதான் இருக்கு."

மலை சிரித்தது. ஜீவராணி சிரிக்கவில்லை.

"மேடம், ஒரே ஒரு வேல செய்ங்க. அந்த ரூமுக்குள்ள போயி, லைட்ட அமத்தி, கதவச் சாத்திப் படுங்க. நாங்க இங்க தேத்தண்ணி குடிச்சி முடிக்கிற வரைக்கும். அப்பறம் எந்த வீட்டுக்குன்னாலும் கையெழுத்துப் போடுங்க."

மேடம் சிரித்தாள். இந்தப் பக்கம் யாரும் கூடச் சிரிக்காததால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. திரை இருண்டது. கதவு சாத்துகிற ஓசை. அதோடு போனும் செத்தது. அந்த அறைக்குள் சிக்னலும் நுழையாதாம்.

காத்திருந்தார்கள். முத்துலிங்கம் நேரத்தைப் பார்த்தார். எல்லோரையும் எழுப்பியிருக்க வேண்டியவர், இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டார்.

"ஏன் அத்த, நம்ம லயத்துக் காம்பராவுல மட்டும் எத்தன சன்னலு வாழுது?" என்றாள் சர்மிளா.

"ஒன்னு இருக்குல்ல? எங்கப்பா செவத்த ஒடச்சி வச்சது. தோட்டத்துத் தொர ஆளனுப்பி அடைக்கச் சொன்னாரு. அடைச்சாரா, மதினி?" என்றாள் ஜீவராணி.

"அந்தாளா? கூட ரெண்டு கல்ல பேத்தாரு," என்றாள் காளியாயி.

"பின்ன?" என்று ஜீவராணி சர்மிளாவைப் பார்த்தாள்.

போன் அடித்தது. மேடத்தின் முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"எம்புட்டு நேரம் ஆச்சிங்க?"

"பதினோரு நிமிசம்," என்றார் முத்துலிங்கம், காலைப் பெரட்டில் வேலையாட்களின் பேர் வாசிக்கிற குரலில்.

"நான் ஒரு மணி நேரம்னு நெனச்சேன். தலைக்கு மேல பைப்புல தண்ணி எறங்குது. எந்தத் தண்ணின்னு தெரியல."

எந்தத் தண்ணி என்று காளியாயிக்குத் தெரியும். அன்றைக்கு ஒருநாள் சொல்லாமல் விட்டாள்.

மேடம் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு, "மூணாவது வீட்ட எடுக்குறோம். பிள்ளைங்க வெள்ளன எந்திரிக்கட்டும். சார் ஏன்னு கேட்டா, அவரையும் உள்ள படுக்க வைக்கிறேன்," என்றாள்.

சர்மிளா கை தட்டினாள். காளியாயி, "நன்றி சொல்லுடி" என்று உதட்டை அசைத்தாள். ஜீவராணிக்கு அதற்கு முன்னால் கேட்க இன்னும் ஒன்று இருந்தது.

"மேடம், அந்த வீட்டுல பின்னால ரூமுக்குத் தாழ்ப்பா உள்பக்கம் இருக்கா, வெளிப்பக்கம் இருக்கா?"

மேடம் ஷிஹாமைப் பார்த்தாள். ஷிஹாம் தரையைப் பார்த்தான்.

"அது... வெளிப்பக்கந்தான். முன்னாடி இருந்தவங்க போட்டது."

"கழட்டி உள்பக்கம் போடுங்க தம்பி. போட்டு எனக்கு வீடியோ அனுப்புங்க. அதப் பாத்துட்டுத்தான் பஸ் ஏறுவேன்."

"அக்கா, ஒரு தாழ்ப்பாளுக்கா..."

"ஜீவா சொன்னது கேட்டுச்சில்லங்க?" என்றாள் மேடம்.

ஷிஹாம் நகர்ந்துபோய், யாரிடமோ சிங்களத்தில் தச்சன் நம்பர் கேட்பது பாறைவரை கேட்டது.