குழாயடியில் பார்த்தது

மணலூர்பேட்டை பக்கம் நாற்று நடும் கூலிக்காரி நான். போன பட்டத்தில் எங்கள் நிலத்துக்காரர் வங்காளத்து ஆட்களை நடவுக்கு இறக்கிவிட்டார். பிழைப்பில் மண் விழுந்த எரிச்சல் எனக்கு.

ஒரு நாள் காலை, வயல் கிணற்றுக் கொட்டகையில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைக் காணோம். "வடக்கத்தியான்தான் கை வெச்சிருப்பான்" என்று ஊர் கூடியது. "நேத்து சாயங்காலம் கொட்டாயாண்ட ஒருத்தன் நின்னுக்கினு இருந்தான்" என்று வங்காளத்து ஆட்களில் ஒருவனைக் கைகாட்டினேன். கொட்டகை ஓரத்துக் குழாயில் தண்ணீர் குடிக்கத்தான் அவன் நின்றான் என்பதை மட்டும் சொல்லாமல் விழுங்கிவிட்டேன்.

தென்னையில் கட்டிவைத்து அடித்தார்கள். தமிழ் தெரியாத அவன் குழாயையே காட்டிக் காட்டி அழுதான். எனக்குப் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

அப்போது நிலத்துக்காரர் மகன் வண்டியில் வந்து இறங்கினான். "இன்னா கூட்டம்? மோட்டார் காயில் எரிஞ்சி போச்சி. திருக்கோவிலூர்ல வேற காயில் கட்டக் குடுத்துட்டு வரேன். அப்பாகிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றான்.

அவனை அவிழ்த்துவிட்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "இன்னிக்கி எடுக்கலன்னா நாளைக்கி எடுப்பான்" என்றபடி அடித்தவர்கள் டீக்கடைக்குப் போனார்கள். தூ! இவர்களும் மனிதர்களா? நான் மட்டும் என்ன யோக்கியம்? என் வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். அங்கே அவருக்கும் பாஷை தெரியாது.

இப்போது நடவில் எவளாவது "வடக்கத்தியான்" என்று ஆரம்பித்தால் விடுவதில்லை. "கண்ணால பாத்தியா? பாத்தத முழுசா சொல்லுடி" என்கிறேன். அன்று பாதி சொல்லி ஒருவனை அடிவாங்க வைத்தவள் நான்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.