பேரில்லாத டிரைவ்

நகரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கிஷோரின் ஸ்டுடியோவில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதை இயக்க விண்டோஸும் இருந்தது, லினக்ஸும் இருந்தது. விண்டோஸில் கிஷோர் கல்யாண ஆல்பம் போடுவான். லினக்ஸ் அவன் மனைவி ஸ்வர்ணலதாவுடையது. விசைத்தறி ஓட்டும் அப்பாவுவின் மகள் அவள். சித்தூரில் பாலிடெக்னிக் முடித்து, திருப்பதியில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்தபின் தினமும் ரயிலேற முடியவில்லை, வேலையை விட்டாள். ஆனால் படித்ததை விடவில்லை. மகள் பள்ளிக்குப் போன நேரத்தில் ஸ்டுடியோவுக்கு வந்து, சேலை பார்டர் படத்தைத் தறிக்கு வேண்டிய கட்டங்களாக மாற்றும் ஒரு புரோகிராமை எழுதிவந்தாள்.

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த வாரம். போட்டோக்களுக்கு இடம் போதாமல் கிஷோர் டிஸ்க்கைக் குடைந்தான். பேரில்லாத ஒரு பெரிய பகுதி கண்ணில் பட்டது. காலி என்று நினைத்து அழித்துவிட்டான். மறுபடி கிளப்பினால் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். விண்டோஸும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துப் புத்தூரிலிருந்து போன். கடைசியாகப் போட்ட ஆல்பத்தின் மணப்பெண்ணுக்கு அப்பா, நாகபூஷணம். “ஆல்பம் அயிந்தா கிஷோர்? முடிஞ்சிருந்தா மதியம் வந்துடறேன்” என்றார்.

கிஷோர் வீட்டுக்கு போன் போட்டு மனைவியை வரவழைத்தான். “விண்டோஸ புதுசா போட்டுடலாமா லதா?” என்றான்.

“எதுலயும் கை வைக்காதீங்க. அழிச்சப்புறம் அது மேல ஏதாவது எழுதினீங்களா?”

“இல்ல. அழிச்சேன், ரீஸ்டார்ட் குடுத்தேன்.”

“அப்ப ஒண்ணும் போவல. விலாசம்தான் அழிஞ்சிருக்கு, வூடு அப்படியே இருக்கும்.”

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே நிச்சயமில்லை. கம்ப்யூட்டர் கிளம்பியதும் எந்தப் பக்கம் போகட்டும் என்று கேட்கிற கிரப்பின் பாதி, விண்டோஸில் பேரில்லாமல் தெரிந்த அந்த லினக்ஸ் பகுதியில்தான் இருந்தது. அதே பகுதியில்தான் அவள் புரோகிராமும். பொங்கலுக்குப் பிறகு அவள் நகலே எடுக்கவில்லை.

கைப்பையிலிருந்த பென் டிரைவைச் செருகி, அதிலிருக்கும் லினக்ஸைக் கொண்டு கம்ப்யூட்டரைக் கிளப்பினாள். முதல் வேலையாகக் கல்யாணப் போட்டோக்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் ஏற்றினாள். பிறகு தொலைந்த பகுதியைத் தேடவிட்டாள். கிஷோர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். தேடல் பாதியைத் தாண்டியபோது, அழிந்த பகுதி தொடங்குமிடமும் முடியுமிடமும் திரையில் வந்தன. உள்ளே எட்டிப்பார்த்தாள். அவள் ஃபோல்டர்கள் வரிசையாக இருந்தன. அந்த விலாசத்தை டிஸ்க்கில் திரும்ப எழுதினாள்.

அடுத்த முறை கிளப்பியபோது லினக்ஸா, விண்டோஸா என்ற கேள்வி வந்து நின்றது. கிஷோர் பெருமூச்சு விட்டான்.

“உன் பக்கத்துல அப்படி இன்னாதான் இருக்கு? காட்டு பாப்போம்.”

திறந்து காட்டினாள். மாங்காய் பார்டர் ஒன்று கட்டம் கட்டமாகப் பிரிந்தது. அவன் குனிந்து பார்த்தான்.

“உங்க நைனாகிட்ட காட்டினியா?”

“அவரு தறியில இதான் ஓடிக்கினு இருக்கு. உங்களுக்குத்தான் தெரியல.”

மதியம் நாகபூஷணம் வந்தார். ஆல்பத்தைத் திரையில் பார்த்துவிட்டு, மணப்பெண்ணின் அத்தை படம் சிறிசாக இருக்கிறது என்று குறைப்பட்டார். கிஷோர் அதைப் பெரிதாக்கிக்கொண்டிருக்க, ஸ்வர்ணலதா தன் புரோகிராமுக்கென்று தனியாக ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினாள்.