வலக்கையைத் தராத நல்லதம்பியர்

இருதயக் குழாய்களைப் படம் பிடிக்கிற கத்லாப் வாசலில் கட்டில் நின்றுவிட்டது. படுத்திருந்தவர் வலக்கையைப் போர்வைக்குள் இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். உள்ளே டொக்டர் கையுறை போட்டுக் காத்துக்கொண்டிருந்தார்.

"கையைத் தாங்கோ ஐயா," என்றேன், தாதியான நான்.

"இடக்கையைத் தாறன் மிஸ்ஸி. வலக்கை ஏலாது."

இவர் உருத்திரபுரத்து நல்லதம்பியர், வயல் செய்கிறவர். இரணைமடு வாய்க்கால் கரையில் நாலு எட்டு நடந்தாலே நெஞ்சு இறுக்குது என்று கிளினிக்குக்கு வந்தவர். அஞ்சியோகிராமுக்குத் திகதி கொடுத்தால் ஒருமுறை வயலில் அரிவு வெட்டு என்றார், மறுமுறை மச்சாளின் மகளுக்குக் கலியாணம் என்றார். இந்த முறையும் வீட்டுக்குப் போய்விட்டால் அடுத்த முறை மனிதர் நடந்து வருவாரா என்பதே எங்களுக்குச் சந்தேகமாக இருந்தது. அவருடைய ஈ.சி.ஜி. அப்படி.

கையைத் தராததற்கு அவர் சொன்ன காரணம் கேதாரகௌரி காப்பு. மனைவி விரதமிருந்து, கோயிலில் பூசையில் வைத்து எடுத்து, புருசனின் வலக்கையில் கட்டுகிற நூல். அடுத்த வருடக் காப்பு வரும்வரை அதைக் கழற்றமாட்டார்கள். எங்கள் ஊசி போகவேண்டியதும் அதே மணிக்கட்டில்தான். அங்கே நூலும் இருக்கக்கூடாது, மோதிரமும் இருக்கக்கூடாது. கிருமி எதில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்!

இடக்கையாலும் செய்யலாம்தான். ஆனால் அவருடைய இடக்கை முந்தி மாடு இடித்து முறிந்த கை. நாடி சரியாகப் பிடிபடவில்லை.

"சரி ஐயா, அப்ப தொடையாலை செய்வம்," என்றேன். "முதல்ல அந்த இடத்தைச் சவரம் செய்யோணும்."

"ஆர் செய்யிறது?"

"வேறை ஆர், நான்தான்."

வலக்கை தானாக வெளியே வந்தது. உண்மையில் அந்த வேலைக்கு ஆண் தாதி ஒருவர் இருந்தார். அதை நான் ஏன் சொல்லவேண்டும்?

கத்தரிக்கோலோடு குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நான் மல்லாவியில் வயல்காரர் வீட்டில் பிறந்தவள். அது கோயில் நூல் இல்லை. உரப்பை தைக்கிற நூல்! மேலே மஞ்சள் பூசியிருந்தது.

"என்ன ஐயா இது, யூரியா காப்போ?"

"ஐயோ மிஸ்ஸி, சத்தம் போடாதைங்கோ. அவா வெளியிலை நிக்கிறா."

பிறகு விசயம் வந்தது. தண்ணீர் இறைக்கிற மோட்டரின் பெல்ட்டில் சிக்கி உண்மையான காப்பு அறுந்துவிட்டது. மனைவி கண்டால் துடித்துப்போவார் என்று கையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டார்.

"அதுக்குப் பிறகுதான் நெஞ்சு இறுக்கத் தொடங்கினது. எனக்குப் பயமாக் கிடக்கு மிஸ்ஸி. காப்பு போன கையாலை வயரை விட்டா நான் திரும்பி வருவனே?"

கண் கலங்கியிருந்தது. எனக்கும் பகிடி அடங்கிப்போனது. ஆனால் கனநேரத்துக்கு இல்லை.

"ஐயா, காப்பு அறுந்தது இப்ப. குழாயிலை கொழுப்புப் பிடிக்கத் தொடங்கினது எத்தினையோ வருசத்துக்கு முந்தி. இத்தனை வருசமாய்ப் பத்தின சுருட்டை எந்தக் கையாலை பிடிச்சனீங்கள்?"

"வலக்கையாலைதான்."

"அப்ப அந்தக் கையையே தாங்கோ."

தந்தார். நூலை வெட்டினேன்.

உள்ளே அவரை மயக்கவில்லை. மணிக்கட்டு மட்டும் விறைக்க ஊசி போடுவோம், ஆள் விழித்திருந்து எல்லோரோடும் கதைக்கலாம். மெல்லிய குழாயொன்று நாடி வழியே இருதயத்துக்குப் போகும். படத்தில் குழாய் தெரிவதற்கான டை மருந்தை விட்டதும் "உடம்பெல்லாம் சுடுது மிஸ்ஸி" என்றார். அது எல்லோருக்கும் வருகிற சூடு, கொஞ்சத்தில் ஆறிவிடும். "அடைப்பை எடுத்தாச்சோ?" என்று கேட்டார். இல்லை. அஞ்சியோ என்பது படம் பார்க்கிற வேலை. பார்த்த பிறகுதான் குளிசையா, ஸ்டென்டா, பைபாசா என்று டொக்டர் முடிவெடுப்பார். இவருக்கு ஒரு குழாய் மயிரிழை அளவுதான் திறந்திருந்தது. அவரிடம் சொல்லி, அன்றைக்கே குழாயை விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

"இன்னொரு அரிவு வெட்டு எண்டு போயிருந்தா ஆள் மிஞ்சியிருக்கமாட்டார்," என்றார் டொக்டர்.

ஸ்டென்ட் வைத்துக்கொண்டிருந்தபோதே நான் வெளியே ஒருதரம் வந்து, வெட்டிய நூலை அவருடைய மனைவி மகேஸ்வரி அக்காவின் கையில் கொடுத்தேன், மோட்டர் கதையைச் சொல்லாமல். அவா அதைத் திருப்பிப் பார்த்தா.

"உரப்பை நூல் கனநாள் நிண்டு பிடிச்சிருக்கு," என்றா.

"அக்கா! உங்களுக்குத் தெரியுமோ?"

"அடுத்த நாளே அறுந்த காப்பை மோட்டர் கொட்டிலுக்குள்ளை கண்டெடுத்திட்டன். கேட்டா மனுசன் பயந்து ஏங்கிப்போகும். அதுதான் பேசாமல் இருந்தனான்."

கைப்பையைத் திறந்து, திருநீற்றுப் பொட்டலத்துக்குள் மடித்து வைத்திருந்த அறுந்த காப்பைக் காட்டினா. "மிஸ்ஸி, ஆள் திரும்பி வருவார்தானே?"

வந்தார். வாட்டுக் கட்டிலில் வலது மணிக்கட்டை இறுக்கிக் கட்டிப் படுத்திருந்தார். டை வெளியேற நன்றாகத் தண்ணீர் குடிக்கவேண்டும், கொஞ்ச நாளைக்கு அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மகேஸ்வரி அக்கா பக்கத்தில் வந்தா.

"மிஸ்ஸி வெட்டின காப்பை முடிஞ்சு கொண்டுவந்தனான். வலக்கையிலை கட்டுப் போட்டிருக்கு. இப்போதைக்கு இடக்கையிலை கிடக்கட்டும், அம்மன் கோவிக்கமாட்டா."

கட்டிவிட்டா. நல்லதம்பியர் நூலைப் பார்த்தார். உரப்பை நூல் இல்லை, பருத்தி நூல், ஒரு ஓரத்தில் மோட்டர் கிறீஸ். என்னைப் பார்த்தார். நான் சேலைன் போத்தலை வலு கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்சரும்," என்றார் கடைசியில் மனைவியிடம். "முடிச்சை இறுக்கிப் போடும்."

"ஓம், போட்டிருக்கிறன். நீங்கள் மோட்டருக்குக் கிட்டப் போகாமல் இருந்தாச் சரி."

அஞ்சியோவுக்கு வருகிறவர்கள் எங்களிடம் ஒன்றையும் ஒளிக்காதீர்கள். சீனி வருத்தம், சிறுநீரகக் கோளாறு, முந்தி ஏதாவது மருந்துக்கு உடம்பு தடித்தது, விடியப் போட்ட குளிசை, களவாகக் குடித்த தேத்தண்ணி, எல்லாவற்றையும் சொல்லுங்கள். சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். வீட்டில் இருக்கிறவாவுக்கு நீங்கள் சொல்லத் தேவையில்லை.