பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும்

அம்மா தொண்ணூற்றொரு வயது வாழ்ந்தாள். அவளுடைய அடக்க ஆராதனைத் தாளில் ‘ஐயரின் உத்தம மனைவி, பிள்ளைகளின் அருமைத் தாய்’ என்று சபையார் அச்சிட்டிருந்தார்கள். இரண்டும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீடத்தின் முன் மோதவிட்டவள் நான். அதைக் குறித்து அம்மா என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இதை எழுதும் தேவை எனக்கு நேர்ந்திராது.

அறுபதுகளின் தொடக்கத்தில் அப்பா அம்பத்தூருக்கு மாற்றலாகி வந்தார். எங்கள் லுத்தரன் சபையில் குருவானவரை ‘ஐயர்’ என்றும் அவர் மனைவியை ‘ஐயரம்மா’ என்றும் அழைப்பது அந்நாளைய வழக்கம். அம்மாவுக்கு அது ஆறாவது குருமனை. ஆறு வீட்டுச் சுவர்களிலும் அவள் ஓர் ஆணி அடித்ததில்லை. வீடு சபையுடையது, தான் அங்கே இருக்க அனுமதிக்கப்பட்டவள் என்பதே அவள் எண்ணம். அவளுக்கென்று சொந்தமாக இருந்த பொருள் ஒன்றுதான். அவள் மாமியார் தந்த அப்ப அச்சு. நீண்ட கைப்பிடி கொண்ட இரண்டு இரும்புத் தகடுகள்; உட்புறத்தில் சிலுவை செதுக்கியிருக்கும். புளிக்காத கோதுமை மாவை அதன் நடுவே ஊற்றி அடுப்பில் காட்டினால் காகிதம்போல் மெல்லிய தகடு கிடைக்கும். அதை வட்டவட்டமாக வெட்டினால் திருவிருந்தின் அப்பம்.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பங்குபெற விரும்புகிறவர்கள் முந்தின நாளே குருமனைக்கு வந்து பெயர் கொடுக்க வேண்டும். யாரோடும் பகை உண்டா, வீட்டில் ஜெபம் உண்டா என்று அப்பா விசாரிப்பார். அப்பாவின் கண்களில் புரை வளர்ந்தபின், பெயர்களை நோட்டில் எழுதுவதும் அம்மாவின் வேலையாயிற்று. எத்தனை பெயரோ அத்தனை அப்பம். ஆசீர்வதித்த அப்பம் மிஞ்சினால் எறியலாகாது, எடுத்துவைக்கவும் ஆகாது. குருவானவரே உண்டு தீர்க்க வேண்டும். அம்மா சுட்ட காலத்தில் ஒன்றும் மிஞ்சியதில்லை என்பது அவளுடைய ஒரே பெருமை.

என் அண்ணன் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தான். அவனுக்கும் எனக்கும் நடுவே பிறந்த இரண்டு குழந்தைகள் பால்குடி மறக்குமுன் இறந்துபோயின. அவர்களுக்கு உரிய பாசத்தையும் அம்மா அவனுக்கே கொடுத்தாள். எனக்குக் கிடைத்தது கடமை. அது குறைவின்றிக் கிடைத்தது.

அவன் மேனாம்பேட்டில் ஓர் இந்துப் பெண்ணை மணந்தான். அவளுடைய தகப்பனார் ஏரிக்கரை நிலங்களில் கூலிக்கு உழுது, நிலமெல்லாம் மனையானபின் தொழிற்பேட்டையில் காவலாளியானவர். தாலி கட்டியது அம்மன் கோயிலில். அடுத்த ஞாயிறு, கலியாண ஓலை வாசிப்புக்கும் மாதர் சங்கக் கூட்ட அறிவிப்புக்கும் நடுவே, அப்பா அவனைத் திருவிருந்துப் பந்தியிலிருந்து விலக்கிய அறிக்கையை வாசித்தார். ‘என் மகன்’ என்று சொல்லவில்லை. ‘இச்சபையைச் சேர்ந்த இன்னாரின் குமாரன்’ என்று, இன்னார் என்ற இடத்தில் தம் பெயரையே வேறெவர் பெயரோ போல் உரக்கப் படித்தார். விலக்கு நீங்க ஒரே வழி, அவன் சபை நடுவே முழந்தாளிட்டு அந்த மணத்தைப் பாவமென்று அறிக்கையிடுவது.

“அவளைப் பாவம்னு சொல்லணுமா? என் வாயாலயா?” என்று கேட்டுவிட்டு அண்ணன் போனான்.

அடுத்த மாதர் சங்கக் கூட்டம் எங்கள் கூடத்தில் நடந்தது. அம்மா காப்பி கொண்டுவந்தாள்.

“ஐயரம்மா, மருமக நாத்து நட்ட கையாமே? நம்ம குருமனைத் தோட்டத்துக்கு ஆள் தேடவே வேணாம்.”

“சும்மா இருங்கக்கா, ஐயரம்மாவுக்கு முகம் சுண்டிப்போச்சு.”

“சுண்டட்டுமே! எம்மவன் சினிமாவுக்குப் போனான்னு மூணு மாசம் பந்தியில சேக்காம வெச்சாரே ஐயர், அன்னிக்கு என் முகத்தை யாரு பாத்தா? காப்பி நல்லாயிருக்கு ஐயரம்மா. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”

அம்மா ஊற்றினாள். அவர்களுள் ஒருத்தியும் அந்தப் பெண்ணின் தெய்வத்தைப் பற்றிப் பேசவில்லை. பேசியதெல்லாம் அவள் குலத்தையும் கையையும் பற்றி.

புதன்கிழமைகளில் அப்பா கிராமச் சபைகளுக்குச் சைக்கிளில் போய்விடுவார். அம்மா அன்றைக்கு மேனாம்பேட்டுக்கு நடப்பாள். வட்டம் வெட்டியபின் மீந்த அப்ப ஓரங்களை ஒரு டப்பாவில் பேரனுக்காகக் கொண்டுபோவாள். ஒருமுறை நானும் உடன் சென்றேன். வாசலில் தயங்கி நின்ற அம்மாவை அண்ணி உள்ளிருந்தபடியே அதட்டினாள்.

“இன்னா அத்தே, தபால்காரர் மாதிரி வாசல்லயே நின்னுகினு கீறீங்க? ஊட்டுக்குள்ள வாங்க. மாமா இங்க வந்தா எட்டிப் பாக்கப் போறாரு? இது யாரு, நாத்தனாரா? ஏம்மா, எங்க ஊட்டுத் தண்ணி குடிப்பியா, இல்ல அதுக்கும் பேரு குடுக்கணுமா?”

அம்மா சிரித்தாள். அவள் அவ்வளவு வாய்விட்டுச் சிரித்து அதுவரை நான் கண்டதில்லை. நான் தண்ணீர் குடிக்கவில்லை.

ஐந்து ஆண்டுகள் சென்றன. அப்பா ஓய்வுபெற இன்னும் ஒரு திருவிருந்து ஞாயிறே இருந்தது. அம்மாவுக்கு வாழ்க்கையில் வேண்டியதெல்லாம் ஒன்றாய்ச் சுருங்கிவிட்டது: அந்தப் பிள்ளை அந்தத் தகப்பன் கையால் ஒருமுறை அப்பம் வாங்க வேண்டும். அடுத்து வரும் ஐயர் இரக்கமுள்ளவராகவே இருக்கலாம்; ஆனால் அவர் கை அப்பாவின் கை ஆகாதே.

அவள் மேனாம்பேட்டுக்குப் போய் அண்ணனிடம் பொய் சொன்னாள். “அப்பா சம்மதிச்சுட்டாருடா. ஒண்ணும் கேக்க மாட்டாரு. நீ வந்து முழங்கால் போட்டா போதும்.” சனிக்கிழமை நோட்டின் கடைசி வரியில் அவன் பெயரை எழுதினாள். ஓர் அப்பம் கூடுதலாக வெட்டினாள். அப்பாவின் புரை படர்ந்த கண்களை அவள் நம்பினாள். கண்டுகொண்டாலும், பீடத்தின் முன் முழந்தாளிட்ட பிள்ளையை எந்தத் தகப்பனும் தாண்டிப் போகமாட்டான் என்பதை அதைவிட அதிகமாக நம்பினாள்.

அந்த நோட்டை நான் மாலையில் திறந்தேன். அப்போது எனக்கு இருபது வயது; புலவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஞானப்பாட்டுகளோடு தமிழின் பதிகங்களும் பாசுரங்களும் எனக்கு மனப்பாடம். கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஓர் அடியவனைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டுவரும்படி இறைவன் பணித்த கதையைப் படித்து முந்தின வாரந்தான் அழுதிருந்தேன். அந்தக் கண்ணீர் காயுமுன் என் அண்ணனைக் காட்டிக்கொடுத்தேன். பக்தி வைராக்கியம் என்று அதற்கு நான் பெயர் வைத்திருந்தேன். அவன் பெயரை எழுதும்போது மட்டும் அம்மாவின் எழுத்து அழகாக இருந்தது. என்னை வருத்தியது அதுதான்.

காலையில் அப்பாவின் அங்கிக்கு வெள்ளைப் பட்டையைக் கட்டிவிட்டபோது சொன்னேன்.

“சரி” என்றார்.

“வாசல்லேயே அண்ணனை நிறுத்திடட்டுமாப்பா?”

“வேண்டாம். வரட்டும்.”

‘வரட்டும்’ என்ற அந்த ஒரு சொல்லுக்கு இன்றுவரை எனக்கு உரை கிடைக்கவில்லை. அம்மாவிடமாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் முன் பெஞ்சில், தன் கலியாணப் புடவையில் இருந்தாள். நான் பாடற்குழுவில் போய் நின்றுகொண்டேன்.

நான்காம் பந்தியில் அண்ணன் முழந்தாளிட்டான். அப்பா இடமிருந்து வலமாக வந்தார். ஒவ்வொருவருக்கும் சொல்லும் அதே வாக்கியம், அதே குரல். அண்ணனுக்கு முன்னவரிடம் அந்த வாக்கியத்தை முடித்தார். அவனுக்குப் பின்னவரிடம் மறுபடி தொடங்கினார். நடுவே ஒரு மூச்சுகூடத் தவறவில்லை. திராட்சரசக் கிண்ணத்தோடு பின்னே வந்த உபதேசியார் ஒரு கணம் நின்று, அப்பாவின் முதுகைப் பார்த்துவிட்டு, தாமும் தாண்டினார். அண்ணனின் கை விரித்தபடி இருந்தது. “சமாதானத்தோடே போங்கள்” என்று பந்தியை அனுப்பும்வரை அவன் அதை மடக்கவில்லை.

ஓர் அப்பம் மிஞ்சியது. அப்பா சபைக்கு முதுகு காட்டி நின்று அதை உண்டார். அது நொறுங்கிய ஓசை முன் பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கும்.

வெளியே வேப்பமரத்தடியில் அண்ணி, புதுச் சட்டை போட்ட பிள்ளையோடு காத்திருந்தாள்.

“இன்னாய்யா, குட்த்தாரா உங்கப்பாரு?”

“இல்ல.”

“இதுக்கா விடியக்காலம் எழுந்து தலைக்கு ஊத்திகினு பட்டினி கெடந்தே? எங்க அம்மன் கோயில்ல நாய் வந்தாகூட ஒரு கை கூழு ஊத்துவாங்கய்யா.”

அம்மா ஓடிவந்தாள். அண்ணன் அவளைப் பார்த்துச் சொன்னது இவ்வளவே: “அவரு பண்ணது எனக்குப் பெருசில்லம்மா. நீ கூப்பிட்டேன்னு வந்தேன்.”

அவன் மறுபடி எந்தக் கோயிலுக்குள்ளும் நுழையவில்லை.

அப்பா ஓய்வுபெற்றதும் பட்டாபிராமில் வாடகை வீட்டுக்குக் குடிபோனோம். அம்மாவின் அப்பம் சீராக இருக்கும் என்று அங்கிருந்த இளம் ஐயரும் அவளிடமே அப்பம் சுடச் சொன்னார். பெயர் நோட்டும் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அவள் எழுதினாள், சுட்டாள், எண்ணினாள். ஆனால் தன் பெயரை எழுதவில்லை. பந்திகள் எழும்போது அவள் மட்டும் அமர்ந்திருப்பாள். இரண்டு வருடம் பொறுத்து அப்பா கேட்டார்.

“நீ ஏன் பந்திக்கு வர்றதில்லை?”

“நான் பொய் சொன்னவளுங்க. எனக்கு ஏதுங்க பந்தி?”

“மனஸ்தாபப்பட்டா மன்னிப்பு உண்டு. உனக்குத் தெரியாதா?”

“தெரியுங்க. மனஸ்தாபம்தான் வரமாட்டேங்குது.”

நாற்பது வருடம் பாவமன்னிப்பை அறிவித்த மனிதர் தம் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தார்.

எழுபதுகளின் நடுவில் அப்பா படுக்கையில் விழுந்தார். நாக்குத் தடித்து, பேச்சுக் குழறிவிட்டது. ஒரு நாள் பிற்பகல் திருவிருந்து வேண்டுமென்றார். இளம் ஐயருக்குச் சொல்லியனுப்பினோம். அவர் வருமுன் அப்பா அம்மாவின் கையைப் பற்றி, “அவனைக் கூப்பிடு” என்றார்.

“கூப்பிட்டா வருவான்ங்க. என்னை நம்பி ஒருமுறை வந்தவன்தானே? அதனாலதான் கூப்பிடலே.”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள முயன்றார். அதற்கும் அம்மாவின் உதவி வேண்டியிருந்தது. அவள் மெதுவாக, தலையணையைச் சரிசெய்து, திருப்பிவிட்டாள்.

இளம் ஐயர் அங்கியை அணிந்து மேசையருகே நின்றார். அம்மா அப்பத்தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் இரண்டு அப்பங்கள் இருந்தன.

“அம்மா, வீட்டுல நீங்க மூணு பேராச்சே?”

“பேர் கொடுத்தவங்க ரெண்டு பேருதாங்கய்யா” என்று நோட்டை விரித்துக் காட்டினாள்.

முதல் வரியில் அப்பாவின் பெயர். இரண்டாம் வரியில் என் பெயர். நான் பெயர் கொடுத்திருக்கவில்லை. என்னைக் கேளாமல் அவளே எழுதியிருந்தாள். காட்டிக்கொடுத்தவள் நான் என்பது எத்தனை ஆண்டுகளாய் அவளுக்குத் தெரியும் என்பதை அந்த வரியிலிருந்து நான் கணக்கிட முடியவில்லை. எழுத்து அழகாகவே இருந்தது.

அப்பா தம் பங்கை விழுங்க இயலாமல் தவித்தார். அம்மா ஸ்பூனால் தண்ணீர் விட்டாள். பிறகு ஐயர் என்னிடம் வந்தார். மறுத்துவிட எண்ணினேன். மறுத்திருந்தால் ஓர் அப்பம் மிஞ்சியிருக்கும். கையை நீட்டினேன்; உண்டேன். அம்மா வாசல் நிலையில் சாய்ந்து நின்று நாங்கள் இருவரும் உண்பதை இறுதிவரை பார்த்தாள்.

அப்பாவை அடக்கம் பண்ணிய மறுநாள் அவள் மேனாம்பேட்டுக்குப் போனாள். அச்சை எனக்கென்று விட்டுச்சென்றாள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்த வீட்டில், மகனுக்கும் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நடுவே இருந்தாள். நான் போகும்போதெல்லாம் முகம் கோணாமல் இலை போட்டாள். எனக்குப் பிடித்த வத்தக்குழம்பை மறவாமல் வைத்தாள். அண்ணியை முந்திக்கொண்டு தன் கையாலேயே பரிமாறினாள்.

“நீயும் உக்காரும்மா” என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

“நீ சாப்பிடு” என்பாள்.

என்னோடு அவள் உட்கார்ந்து உண்டதில்லை.