மஞ்சள் கல்லின் மேல் பூந்தொட்டி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து என் கணவர் வேலை செய்யும் மசாஜ் கடைக்கு எட்டு நிமிட நடை. அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பார்வையில்லாதவர்களுக்காக நடைபாதையில் பதித்த மேடான மஞ்சள் கற்களைக் கம்பால் தடவிக்கொண்டு பல வருஷமாகத் தனியாகத்தான் போய்வந்தார்.

போன வருஷம், நகரைப் பசுமையாக்குகிறோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அவர் கடையில் இருந்த நேரத்தில் லோரியில் வந்தவர்கள், பெரிய சிமெண்டுத் தொட்டிகளை நேராக அந்த மஞ்சள் கற்களின் மேலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். சாயங்காலம் ஒரு தொட்டியில் இடறி விழுந்து, முழங்கால் கிழிந்து வீடு வந்தார். ரத்தத்தைத் துடைத்தபோது, "செடியாச்சும் நல்லா இருக்கா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மாநகர மன்ற அலுவலகத்துக்குப் போனேன். திட்டத்தைக் கவனிக்கும் அதிகாரியும் தமிழர்தான். சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார்: நிழல் மரங்கள், சைக்கிளில் போகும் வெள்ளைக்காரர்கள். கம்போடு ஒருவரும் இல்லை.

"இது கிரீன் சிட்டி ப்ராஜெக்ட் லா, அக்கா. அவார்டுக்கெல்லாம் அனுப்பியிருக்கோம். ஹஸ்பண்ட கொஞ்சம் பாத்து நடக்கச் சொல்லுங்க."

என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. அந்த நிமிஷத்திலிருந்து அவன் எனக்கு 'அவன்'தான்.

"நீங்க வந்து கண்ண மூடிட்டு நடந்து காட்டுங்க பாஸ்," என்றேன்.

அடுத்த வாரம் வந்தான், கேமராக்காரனோடு. கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொல்லி என் துப்பட்டாவை நீட்டினேன். கேட்காததுபோல் தொட்டியோரம் நின்று, என் கணவரின் கையைக் குலுக்கிப் படம் எடுத்துக்கொண்டான்.

"கை ரொம்ப மெத்துன்னு இருக்கு. கார விட்டு இறங்கவே மாட்டீங்க போல," என்றார் என் கணவர். அவன் சிரித்துக்கொண்டே காரில் ஏறிவிட்டான்.

அன்றைக்கே கடை ஆட்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு அந்தத் தொட்டியை ஓரத்துக்குத் தள்ளினேன். இரண்டு நாளில் ஆள் அனுப்பிப் பழைய இடத்திலேயே வைத்து, அடியில் சிமெண்டு பூசிவிட்டான். அந்தக் கைகுலுக்கல் படம் இப்போது, 'எல்லாருக்குமான நகரம்' என்ற தலைப்போடு அலுவலக வாசலில் தொங்குகிறது.

தினமும் நான்தான் அவரைக் கடைக்குக் கூட்டிப்போகிறேன். என் கையைப் பிடித்து நடக்க அவருக்குப் பிடிக்கவில்லை. மறுகையால் கம்பை மஞ்சள் கற்களில் தடவிக்கொண்டே வருகிறார்.